வீடு தேடி வரும் மருத்துவம்: யாருக்கு உண்டு, எப்படிக் கேட்பது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியாகிறது.)

செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது 'முதியோர் நலன்' என்று பொதுவாக ஒரு தலைப்பைக் கொடுத்தார். அந்தத் தலைப்பில், உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு டீ குடித்துவிட்டுப் போகலாம். அந்த வேலையை நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் நாலு பேர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் தலைப்பை நானே சுருக்கிக்கொண்டேன். நடக்க முடியாத, படுக்கையை விட்டு எழ முடியாத பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அரசாங்கச் செலவில் அந்த வீட்டுக்கே என்ன வரும்? யாருக்கு வரும்? இதை மட்டும் பேசப் போகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பாங்க் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது படிவம். யாருக்குத் தகுதி, எந்த ஆதாரம் வேண்டும், எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், இவ்வளவுதான். மருந்து விஷயத்தில் நான் சொல்வதை வைத்து யாரும் எதையும் மாற்ற வேண்டாம்.

முதலில் ஒரு கேள்வி. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தின் பெயரை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அது எங்கே தொடங்கியது தெரியுமா? சென்னையில் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாநிலம் முழுவதற்குமான திட்டத்துக்கு முதல் விளக்கை நம் மாவட்டத்தில்தான் ஏற்றினார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. நம் குடியிருப்பில் மட்டும் இன்றைக்கும் பாதிப் பேர், "அது கிராமத்து ஜனங்களுக்கு சார், நமக்கெல்லாம் வராது" என்கிறார்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். நம் தலைமுறைக்கு அரசாங்க உதவி என்றாலே வருமானச் சான்றிதழ்தான் ஞாபகம் வருகிறது. ரேஷன் கார்டின் வகை, வறுமைக்கோடு, தாசில்தார் கையெழுத்து. பென்ஷன் வாங்குகிறவன், சொந்த ஃபிளாட் வைத்திருக்கிறவன், அந்த வரிசையில் நிற்கக் கூடாது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். நிற்பது கௌரவக் குறைச்சல் என்றும் சிலருக்கு ஒரு நினைப்பு உண்டு. அதைப் பிறகு பேசுகிறேன்.

உண்மையில் முதியோருக்கான உதவிகளுக்கு இரண்டு விதமான வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, 'உன்னிடம் என்ன இருக்கிறது' என்று கேட்கும் வாசல். மற்றது, 'உன்னால் என்ன முடியவில்லை' என்று கேட்கும் வாசல். முதல் வாசலில் பணமும் சொத்தும் அளக்கப்படும். இரண்டாவதில் உடம்பு அளக்கப்படும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நம்மில் பலர் கிடைக்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். கிடைக்காத இடத்தில் போய் அலைந்துவிட்டும் வருகிறோம்.

முதியோர் உதவித்தொகை முதல் வாசலைச் சேர்ந்தது. 60 வயது, ஆதரவற்ற நிலை, குறைந்த சொத்து என்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் இந்தத் தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு இது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் முதல் வாசல்தான். அதற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பை 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய 'வய வந்தனா' அட்டை வருமானம் பார்ப்பதில்லை, 70 வயது நிரம்பியிருந்தால் போதும் என்கிறது. ஆனால் கவனியுங்கள், இந்தக் காப்பீடுகள் எல்லாம் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பேசும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மறுநாள், கட்டிலில் படுத்திருக்கும் அப்பாவை யார் திருப்பிப் போடுவது என்ற கேள்விக்கு அந்த அட்டையில் பதில் கிடையாது.

மக்களைத் தேடி மருத்துவம் இரண்டாவது வாசல். அங்கே வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு வீட்டிலேயே மருந்து கொடுப்பது என்பது 45 வயது கடந்தவர்களையும் நடமாட முடியாதவர்களையும் மனதில் வைத்துத்தான் அமைக்கப்பட்டது. நீங்கள் வாடகை வீட்டில் இருக்கிறீர்களா, மூன்று படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறீர்களா என்பது அங்கே விஷயமே இல்லை.

இனி அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர் இருப்பார். பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். கையில் பி.பி. பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் வைத்திருப்பார். வீடு வீடாக வந்து பார்ப்பார், அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார், அங்கே டாக்டர் மருந்து எழுதிவிட்டால் அதன்பின் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். அவருக்கு மேலே துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளரான ஒரு நர்ஸ். அதற்கும் மேலே, வட்டார அளவில், ஒரு பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கான ஒரு நர்ஸும் வண்டியோடு இருப்பார்கள். சிறுநீரகம் செயலிழந்து, வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் இந்தத் திட்டத்தில் உண்டு.

மாத்திரையை நாம் கடையிலேயே வாங்கிக்கொள்வோம், பாதகமில்லை. நமக்கு உண்மையில் வேண்டியது அந்தக் கடைசி இரண்டு பேர்: பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்பு நர்ஸும். பணம் இருந்தாலும் தேன்கனிக்கோட்டையில் சட்டென்று கிடைக்காத ஆட்கள் இவர்கள்தான். பெங்களூரில் ஆப்ப் வழியாக வீட்டுக்கு பிசியோதெரபிஸ்டை வரவழைக்கலாம். நம் பின்கோடை அடித்துப் பாருங்கள், சேவை இல்லை என்று வரும். ஓசூரிலிருந்து ஒருவரை வரவழைத்தால் போக்குவரத்துச் செலவு தனி.

பக்கவாதம் வந்த ஒருவருக்கு முதல் சில மாதங்கள்தான் பொன்னான நேரம் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். கை கால் இயக்கம் அதிகமாகத் திரும்புவது அப்போதுதான். நம் குடியிருப்பிலேயே ஓர் அம்மாவுக்கு அது நடந்தது. பெயர் வேண்டாம், வீட்டார் அனுமதியோடு சொல்கிறேன். அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். டிஸ்சார்ஜ் தாளில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரு வரி எழுதியிருந்தது. எங்கே, யாரிடம் என்று இல்லை. மகன் ஷிஃப்ட் வேலை, மருமகளும் வேலைக்குப் போகிறவர். காரில் ஏற்றி இறக்குவதே பெரும்பாடாகி, வாரம் மூன்று நாள் என்று தொடங்கிய பயிற்சி ஒரு நாளாகி, பிறகு நின்றுவிட்டது. அதே மாதங்களில், நம் தெருவுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருக்கும் ஒரு தாத்தாவுக்கு அரசாங்க பிசியோதெரபிஸ்ட் வந்து போய்க்கொண்டிருந்தார். அவர் வண்டி நம் காம்பவுண்ட் சுவரை ஒட்டித்தான் போனது.

ஏன் உள்ளே வரவில்லை? அதையும் விசாரித்தேன். தன்னார்வலர் நம் கேட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். "எந்த ஃபிளாட்?" என்று செக்யூரிட்டி கேட்டிருக்கிறார். "எல்லா வீட்டுக்கும் போகணும், வயசானவங்க யார் யார்னு எழுதணும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். ஃபிளாட் நம்பர் சொல்லாத யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது நாம் பொதுக்குழுவில் போட்ட தீர்மானம். செக்யூரிட்டி மேல் குற்றமில்லை. அவர் தன் வேலையைச் செய்தார். தன்னார்வலர் தன் புத்தகத்தில் நம் கட்டிடத்தை 'பூட்டியிருந்தது' என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். சேல்ஸ்மேனைத் தடுக்கப் போட்ட விதி, நர்ஸையும் சேர்த்துத் தடுத்திருக்கிறது.

அடுத்து, நோய்த்தணிப்புச் சிகிச்சை. இந்தப் பெயரைக் கேட்டதும் பலர் முகம் மாறுகிறது. 'அது கடைசிக் கட்டத்துக்குத்தானே, கேன்சருக்குத்தானே' என்று. கேன்சருக்கும் உண்டு. ஆனால் பக்கவாதத்தில் படுத்தவர், ஞாபக மறதி நோய் முற்றியவர், இதயமோ சிறுநீரகமோ மிகவும் தளர்ந்தவர், இடுப்பு எலும்பு முறிந்து எழ முடியாதவர், எல்லோருக்கும் உரியது. நர்ஸ் வந்து படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவார், சிறுநீர்க் குழாயைப் பார்ப்பார், வலிக்கு என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்வார். என்னைக் கேட்டால் அவர் செய்யும் பெரிய வேலை, வீட்டில் பார்த்துக்கொள்கிறவருக்குச் சொல்லிக் கொடுப்பது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது எப்படி, ஒருவரே தூக்கி உட்கார வைப்பது எப்படி, படுத்தபடியே சாப்பாடு கொடுக்கக் கூடாது ஏன் என்பதெல்லாம் நம்மில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. படுக்கைப் புண் வந்தபின் ஆகும் செலவையும் வேதனையையும் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு பாடத்தின் மதிப்பு தெரியும்.

எப்படிக் கேட்பது? நம் பகுதித் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நேரில் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை, வீட்டார் ஒருவர் போனால் போதும். ஆதார் நகல், டிஸ்சார்ஜ் தாள், இப்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, ஒரு செல்போன் நம்பர் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். முதியோர் சம்பந்தமான எதற்கும் 14567 என்ற இலவச எண் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை.

ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பாதிப் பேர் பெங்களூரில் வைத்தியம் பார்க்கிறோம். அங்கே எழுதுவது கம்பெனிப் பெயர். அரசு மருந்து மூலப்பெயரில் வரும். அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று அட்டையில் இருக்கும். "இது வேறு மாத்திரை" என்று வீட்டுப் பெரியவர் முகம் சுளிப்பார். சில வீடுகளில் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு மயங்கி விழுந்ததும் உண்டு. அரசு மருந்து வாங்கத் தொடங்கும் முன், இரண்டு சீட்டையும் ஒரே டாக்டர் முன்னால் வைத்து, எது இருக்க வேண்டும் எது போக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

மொழியையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரியவர்களில் பலருக்குத் தெலுங்கோ கன்னடமோதான் வாய்க்கு வரும். வலி எங்கே என்று சொல்ல தாய்மொழிதான் வேண்டும். இந்த ஊர்த் தன்னார்வலர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மொழி பேசுகிறவர்கள். கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் கிடைக்காத வசதி இது.

சரி, இவ்வளவு புகழ்ந்தாயிற்று. எது வராது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நாளை என் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்.

குளிப்பாட்ட யாரும் வர மாட்டார்கள். சோறு ஊட்ட வர மாட்டார்கள். ராத்திரி பக்கத்தில் படுக்க வர மாட்டார்கள். டயப்பர் மாற்ற வர மாட்டார்கள். நம் நாட்டில் அரசுச் செலவில் வீட்டுக்கு வருவது மருத்துவம் மட்டும்தான். தினசரிப் பராமரிப்பு குடும்பத்தின் கடமை என்று அரசாங்கம் இன்னும் நினைக்கிறது. குடும்பம் என்றால் யார் என்று நமக்குத் தெரியும். மருமகள், மகள், மனைவி. கடைசியாகச் சொன்னவருக்கே எழுபது வயது ஆகியிருக்கும்.

வேறு இடங்களில் எப்படி என்று பார்த்தால் நம் நிலை விளங்கும். 1963இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இந்த ஆறில் எத்தனை முடிகிறது, எத்தனைக்குத் துணை வேண்டும்? இதைப் போன்ற கேள்விகளை வைத்துத்தான் பல நாடுகள் இன்று தகுதி பார்க்கின்றன. நம் உறவுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரில், ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றுக்கு நிரந்தரமாக ஒருவர் துணை வேண்டியிருந்தால் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே குடும்ப வருமானமும் பார்ப்பார்கள், இரண்டு வாசலையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஜப்பான் 2000 ஏப்ரலில் இதற்கென்றே தனிக் காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும். 65 வயதுக்குமேல் தேவைப்பட்டால் விண்ணப்பிக்கலாம். ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து 74 கேள்விகள் கொண்ட தாளை நிரப்புவார், அதை வைத்து ஏழு படிநிலைகளில் ஒன்றைத் தருவார்கள். குளிப்பாட்டவும் ஆள் வரும். ஆகும் செலவில் பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்கும், வருமானம் அதிகமுள்ளவர்கள் இரண்டு மூன்று பங்கும் கட்டுகிறார்கள். கணக்குப் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. உழைக்கும் வயதில் வரவு வைத்து, தளர்ந்த வயதில் பற்று எழுதுகிறார்கள். இலவசம் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை, கட்டியவன் கேட்கிறான், அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் கேரளம் இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் தொடங்கிய வலிநிவாரண மருத்துவமனை, மலப்புறத்தில் ஊர்க்காரர்களின் கைக்குப் போய், 2008இல் மாநில அரசின் கொள்கையே ஆனது. இன்று அங்கே பஞ்சாயத்துகள் நர்ஸை வைத்துப் படுத்திருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்புகின்றன. என்னைக் கவர்ந்தது அந்த நர்ஸ் இல்லை, அவரோடு போகும் அக்கம்பக்கத்துக்காரர். வாரம் ஒரு மணி நேரம் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட ஆசிரியர், கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள். நம்மிடமும் ஆள் இருக்கிறது. மாலையில் கீழே பெஞ்சில் அரசியல் பேசும் நம் கூட்டத்தில், ஓர் ஆளுக்கு வாரம் ஒரு மணி நேரம் இல்லையா? நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் தைரியமாகக் கேட்கிறேன்.

இனி, பணமாக ஏதாவது கிடைக்குமா? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. பக்கவாதத்தால் கை கால் நிரந்தரமாகச் செயலிழந்த முதியவர் சட்டப்படி ஒரு மாற்றுத்திறனாளி. வயதானதால் வந்தது, பிறவியில் வந்ததில்லை என்று யாரும் தள்ள முடியாது. கடும் பாதிப்பு, அதாவது 75 சதவீதமும் அதற்கு மேலும் என்று மருத்துவச் சான்று இருந்தால், தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களுக்குச் சதவீத அளவு வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள். இதற்கு அடிப்படை, ஆன்லைனில் பதிந்து பெறும் தனித்துவ அடையாள அட்டை. அரசு மருத்துவர் பார்த்துச் சதவீதம் போட வேண்டும். விண்ணப்பம் கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு. வேறு அரசு உதவித்தொகை வாங்குபவர்கள் இதையும் சேர்த்து வாங்க முடியாது. 2,000 ரூபாயில் ஆள் வைக்க முடியாதுதான். ஒரு மாத டயப்பர் செலவாவது வரும். அந்த அட்டை இருந்தால் ரயில் கட்டணச் சலுகை, வருமான வரிக் கழிவு என்று பிற வாசல்களும் திறக்கும். வரி விஷயத்தில் பெற்றோரைப் பராமரிக்கும் மகனோ மகளோ இந்தக் கழிவைப் பற்றித் தங்கள் ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 75,000 ரூபாய், கடும் பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. இது பலர் தவறவிடும் பணம்.

சதவீதம் போடும் நாளில் ஒரு விஷயம். நம் பெரியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. டாக்டரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லாத்தான் இருக்கேன் சார், எல்லாம் நானே பண்ணிக்குவேன்" என்பார்கள். வீட்டில் சட்டைப் பொத்தான் போட முடியாதவர் அங்கே கையைத் தூக்கிக் காட்டுவார். பொய் சொல்லச் சொல்லவில்லை. முந்தின வாரம் முழுக்க, எதெதற்கு யார் துணை தேவைப்பட்டது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அந்த ஆறு செயல்களையும் தலைப்பாகப் போட்டால் போதும். அந்த நோட்டைக் கொண்டு போங்கள். பாங்கில் எத்தனை லெட்ஜர் பார்த்திருப்பேன், தேதி போட்ட எழுத்துக்கு உள்ள மரியாதை வாய்ப்பேச்சுக்குக் கிடையாது.

கடைக்கும் ஆபீசுக்கும் போக முடியாதவர்களுக்கு மற்ற சில சேவைகளும் வீட்டுக்கே வருகின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 70 வயது கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் அடிப்படை வங்கிச் சேவையை வீட்டிலேயே தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பர் 9 அன்று சுற்றறிக்கை அனுப்பியது. மேனேஜர் தெரியாது என்றால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்றிதழுக்கு நவம்பரில் பாங்குக்கு வர வேண்டியதில்லை. செல்போனில் முகம் காட்டி முடிக்கலாம், தபால்காரரை வீட்டுக்கு அழைத்தும் முடிக்கலாம். மத்திய அரசு பென்ஷன்காரர்களில் 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ரேஷன் பொருளை வீட்டுக்கே தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று, 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று தொடங்கியது. 2024 தேர்தலில் 85 வயது கடந்தவர்களின் ஓட்டை வாங்கக்கூட வீட்டுக்கு வந்தார்கள். ஓட்டுக்கு வருகிறவர்கள் மருந்துக்கும் வரலாம், நாம் கேட்டால்.

கௌரவம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இலவசம் வாங்குவது கேவலம் என்று நம்மில் சிலருக்கு நினைப்பு. வேலைக்கு வந்த நாள் முதல் வரி கட்டியிருக்கிறோம். மளிகைக் கடையில் இன்றும் கட்டுகிறோம். அந்த நர்ஸின் சம்பளத்தில் நம் பைசாவும் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நாம் பதியாவிட்டால், 'அந்தப் பகுதியில் தேவை இல்லை' என்றுதான் கணக்கில் ஏறும். தேவை இல்லாத பகுதிக்கு இரண்டாவது பிசியோதெரபிஸ்டை யாரும் கேட்க மாட்டார்கள். பின் தெருத் தாத்தாவுக்கும் அதனால் நஷ்டம்தான். 2021ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்தபடி. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, எண்ணப்படாமல் இருப்பது நல்லதில்லை.

முதல் வாசலையும் நாம் மறந்துவிடக் கூடாது. நமக்கு இல்லை என்றாலும், நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் தாயாருக்கு இருக்கலாம். அந்த 1,200 ரூபாய்க்கான விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போட வேண்டும், ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக் வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் அறையில் உட்காரத் தயார்.

பிள்ளைகள் கைவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். பெயர் இல்லை. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. நமக்கு ஓசூர் சார் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் உத்தரவாகலாம். கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, அது நடக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் 23ஆம் பிரிவில் வழி உண்டு. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருப்பது பாதுகாப்பு. அந்தச் சீட்டை எழுதியவர் என்னைத் தனியாக வந்து பார்க்கலாம். எந்த நேரமானாலும் சரி.

கடைசியாக, சங்கத்துக்கு என் கோரிக்கைகள். இவை தீர்மானமாகப் போடப்பட வேண்டும் என்று கேட்கிறேன். அடையாள அட்டையோடு வரும் அரசு சுகாதாரப் பணியாளரை ஃபிளாட் நம்பர் கேட்காமல் உள்ளே விட வேண்டும், கேட் நோட்டில் தனிப் பக்கம் போட்டு எழுதினால் போதும். மாதம் ஒரு நாள் காலையில் கிளப் அறையை அவர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மின்விசிறி. மூன்றாவது, லிஃப்ட். நம் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்பது 108 வந்த அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. உட்கார வைத்து இறக்கும் மடக்கு நாற்காலி ஒன்றை மெயின்டெனன்ஸ் பணத்தில் வாங்கி, செக்யூரிட்டி அறையில் வைக்க வேண்டும்.

பட்டியல் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பக்கப் படிவம் தயார் செய்திருக்கிறேன்: பெயர், வயது, ஃபிளாட், பேசும் மொழி, அந்த ஆறு செயல்களில் எதற்குத் துணை வேண்டும், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள். நோயின் பெயர் எழுத விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். படிவம் வாட்ஸ்அப் குழுவில் போகாது, தாளாக என்னிடமும் தன்னார்வலரிடமும் மட்டும் இருக்கும். செக்யூரிட்டி அறையில் ஐம்பது பிரதிகள் வைத்திருக்கிறேன். மாத முடிவுக்குள் நிரப்பி, மடித்து, ஏ பிளாக் தரைத்தளத்தில் என் கதவுக்கடியில் போட்டுவிடுங்கள்.